நாலாம் அறையில் எல்லோருக்கும் மூன்று

சோல்வை வருகிறாள் என்பதை நான் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. காதே போதும். ஒரு காலடி அழுத்தமாக விழும். அடுத்தது தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வரும். அறுவைப் பிரிவின் வாசலில்தான் என் மேசை. டாக்டர்கள் சொல்வதையும் நர்சுகள் எழுதிக்கொடுப்பதையும் கணினியில் ஏற்றுவது பதினெட்டு வருஷமாக என் வேலை. அந்தத் தேய்ப்புச் சத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு குளிர்காலத்தில் இல்லை, அடுத்த குளிர்காலத்தில் இருந்தது. நான் கேட்கவில்லை.

டென்மார்க்கின் இந்த மேற்கு யூட்லாந்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் ஒன்றுதான். "மோசமில்ல." புயலில் கொட்டகையின் கூரை பறந்து பக்கத்து வயலில் விழுந்தாலும் மோசமில்லை. பசு இரட்டைக் கன்று போட்டாலும் மோசமில்லை. என் அப்பா இறப்பதற்கு முந்தின நாள் டாக்டரிடம் சொன்ன கடைசி வார்த்தையும் அதுதான். இப்படிப்பட்ட ஊரில், வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வதையே வேலையாக வைத்திருந்தாள் சோல்வை.

அந்த வேலை வந்தது எப்பேயால். எப்பே எங்கள் மயக்க மருந்து டாக்டர். வயிற்றில் பெரிய அறுவை முடிந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரண்டு வலிமருந்துகளில் எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. ஒன்று பாரசிட்டமால். மற்றது வீக்கத்தைத் தணித்து வலியைக் குறைக்கும் வகை. கண்ணுக்கு இரண்டுமே தண்ணீர்தான். மருந்தகத்திலேயே ஒரே மாதிரிப் பைகளில் நிரப்பி, எண் மட்டும் ஒட்டி மேலே அனுப்பிவிடுவார்கள். எந்தப் பையில் எது என்று எப்பேக்கும் தெரியாது, சோல்வைக்கும் தெரியாது, கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியாது. மொத்தம் எழுபது பேர். ஆளுக்கு இரண்டு நாள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு பை.

அறுவை முடிந்த இரண்டாவது மணி, நாலாவது மணி, இருபத்துநாலாவது மணி, நாற்பத்தெட்டாவது மணி. இந்த நான்கு வேளையும் சோல்வை கட்டிலருகே போய் நிற்பாள். சும்மா படுத்திருக்கும்போது வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். பிறகு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிக் காட்டச் சொல்வாள். இப்போது எவ்வளவு? நாலு அல்லது அதற்கு மேல் என்றால் மார்ஃபின் ஊசி போட வேண்டும். மார்ஃபின் இருப்பது நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், பூட்டிய அலமாரியில்.

அறுவைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "தாங்கிக்க வேண்டிய அவசியமே இல்ல. நாலுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் உடனே எடுத்துட்டு வந்துடுவேன்."

அதை அவள் சடங்காகச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

அவளுடைய கணவன் பவுல் பால்வண்டி ஓட்டியவன். பண்ணை பண்ணையாகப் போய் டேங்கரில் பால் எடுத்து வருவான். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஐம்பத்தாறு வயதில் அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் கிடக்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தான். தினமும் வேலை முடிந்து போய் அவள் கேட்பாள். மோசமில்ல என்பான். அவளுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கூட வைத்திருப்பான். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் போய்விட்டான். சவ அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவனுடைய துணி அலமாரியைக் காலி செய்தபோது, குளிர்காலச் சட்டைகளுக்கு அடியில் நான்கு தலையணை உறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான்கிலும் ஒரே மூலை. பல்லால் கடித்துக் கடித்து நூல் நூலாகக் கிழிந்திருந்தது.

என்னிடம் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், காபி அறையில், கோப்பையைக் கழுவிக்கொண்டே. "அப்பவே நான் இருபது வருஷத்து நர்ஸ், ஊலா. என் வீட்லயே ஒருத்தன் தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தது எனக்குத் தெரியல."

எப்பே ஆய்வுக்கு ஆள் தேடியபோது முதல் கையைத் தூக்கியது அவள்தான். மே மாதம் ஓய்வு பெறப் போகிறாள். அதற்குள் எழுபது பேரையும் கேட்டு முடித்துவிட வேண்டும். அதுவரை இடுப்பைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சொன்னால் மூட்டு மாற்ற அனுப்பிவிடுவார்கள், அல்லது நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள், ஆய்வு வேறு ஒருத்தி கைக்குப் போய்விடும். காலையில் இரண்டு மாத்திரை, பகலில் இரண்டு. காபியோடு விழுங்குவாள். நான் பார்த்துக்கொண்டு என் கறுப்பு ரொட்டியில் ஈரல் பசையைத் தடவிக்கொண்டிருப்பேன். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கோபன்ஹேகனிலிருந்து ஹென்ரியெட் வந்தாள். ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று தாள் தாளாகச் சரிபார்ப்பது அவள் உத்தியோகம். வழக்கமாக மதியத்துக்குள் முடித்துவிட்டு ரயிலைப் பிடிப்பவள், அன்று மூன்று மணிக்கும் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு எங்களைக் கூப்பிட்டாள். எப்பே, சோல்வை, எண்களை ஏற்றியவள் என்பதால் நானும்.

மேசையில் தாள்களை விசிறி மாதிரி பரப்பியிருந்தாள். குரல் தணிவாகத்தான் இருந்தது. "இதுவரைக்கும் அறுபத்திரண்டு பேர். நாலாவது மணி நேரம், இருமும்போது. அதுல நாப்பத்தேழு பேருக்கு மூணு."

"ஆமா," என்றாள் சோல்வை.

"குடல்ல ஒரு முழம் வெட்டி எடுத்தவருக்கும் மூணு. பித்தப்பை எடுத்தவங்களுக்கும் மூணு. அஞ்சுக்கு மேல ஒருத்தர்கூட இல்ல. அந்த ரெண்டு பையிலயும் வெறும் தண்ணி இருந்தாலும் சரி, அதிசய மருந்து இருந்தாலும் சரி, இப்படி வராது."

"அவங்க சொன்னத எழுதினேன்."

"ஒவ்வொரு தடவையும் கேட்டீங்களா?"

பொய் என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சில இடங்களில் நர்சுகள் அலுத்துப்போய் மேசையில் உட்கார்ந்தபடியே எண்களை நிரப்பிவிடுவதுண்டு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சோல்வை எப்பேயைப் பார்த்தாள். எப்பே ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பத்தின் கயிறு காற்றில் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டேன்," என்றாள் அவள்.

ஹென்ரியெட் வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகவும் அன்றுதான் அறிக்கை எழுதப் போவதாகவும் சொன்னாள். அதற்குள் வேறு ஏதாவது விளக்கம் இருந்தால் தரலாம். இல்லாவிட்டால் பார்த்ததைத்தான் எழுத முடியும்.

காபி அறையில் நான் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். கோபன்ஹேகன்காரர்கள் கொசு கடித்தாலே ஏழு சொல்பவர்கள், நம் ஊர் ஆளுடைய மூன்று அவர்களுக்கு எப்படிப் புரியும் என்றேன். அவள் உதடு மட்டும் சிரித்தது. பிறகு மேலங்கியில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றாள். "ஒரே ஒரு வார்த்த."

நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. இந்த ஊரில் ஒரு மனுஷியிடம் இருப்பதெல்லாம் அவள் பெயர்தான். மே மாதம் கொடியும் கேக்கும் வைத்து அனுப்ப வேண்டியவளை, பிப்ரவரியில் எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. நாலாம் அறையில் கிரெஸ்தனிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனபின் தையலைப் பார்க்க ஊராட்சி நர்ஸ் வருவதற்கான தாள். கிரெஸ்தன் அறுபத்தெட்டு வயது, மாட்டுப் பண்ணைக்காரன். போன வருஷம்தான் மாடுகளை விற்றான். திங்கட்கிழமை காலை அவன் குடலில் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். ஆய்வில் அறுபத்திரண்டாவது ஆள் அவன்தான்.

கதவு பாதி திறந்திருந்தது. அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அடுத்த கட்டிலில் ஊவ என்று ஒருவன், துறைமுக மீன் ஏலத்தில் வேலை பார்ப்பவன், அறுவை உடுப்பைப் போட்டுக்கொண்டு தள்ளுவண்டிக்காகக் காத்திருந்தான். அவனும் ஆய்வில் சேரக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"நம்பர் கேப்பா," கிரெஸ்தன் சொல்லிக்கொண்டிருந்தான். "மூணுன்னு சொல்லு."

"வலிச்சா?"

"வயித்தக் கிழிச்சா வலிக்காம கூசவா செய்யும்? மூணுன்னு சொல்லு. நாலுன்னா அவ மருந்து அலமாரிக்கு நடக்கணும். போக நாப்பத்திரண்டு அடி, வர நாப்பத்திரண்டு. நான் எண்ணிட்டேன். அந்த இடுப்ப வச்சுக்கிட்டு. நான் கடைசியா வித்த கிழட்டுப் பசுகூட இவளவிட நல்லா நடந்துச்சு."

"அப்ப நாள் பூரா சும்மா கெடக்கணுமா?"

"நாலு மணிக்கு அவ வீட்டுக்குப் போயிடுவா. அப்புறம் சின்னப் பொண்ணுங்க வருவாங்க. காலு நல்லா இருக்கு, ஓடட்டும். அப்பக் கேளு. எவ்வளவு வேணாலும் கேளு."

நான் உள்ளே போனேன். அவன் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். இதை அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். ஊவவின் கட்டிலில் செவ்வாய்க்கிழமை வரை கிடந்த பள்ளிக்கூட வாத்தியார் சொன்னாராம். வாத்தியாருக்கு யார் சொன்னது? அவருக்கு முன்னால் கிடந்தவர். அதற்கு முன்னால்? அவனுக்குத் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் கேக்கல," என்றான் கிரெஸ்தன், கையெழுத்துப் போட்டபடி. "அவகிட்டப் போய் வத்தி வைக்காதே. பாவம்."

பேனாவைப் பிடித்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றியில் வேர்வை. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

பெண்கள் இருக்கும் ஆறாம் அறைக்குப் போனேன். அங்கே ஒருத்தி சாய்ந்து படுத்துக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அவளிடம் நேராகவே கேட்டேன். பின்னலை நிறுத்தாமலே சொன்னாள், கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து காபி குடிக்கும்போது பேச்சு வந்ததாம், அந்த அம்மாவை நடக்க விடுவது நியாயமில்லை என்று எல்லோருக்கும் பட்டதாம்.

என் மேசைக்கு வந்து பிரிவின் தினசரி மருந்துப் பதிவுகளைத் திறந்தேன். அது ஆய்வுத் தாள்களில் சேராதது. சாயங்கால நர்சுகள் போடும் ஊசி எல்லாம் அதில்தான் இருக்கும். ஹென்ரியெட் அதை இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயராகத் தேடினேன். மார்ஃபின், நாலு பத்து. மார்ஃபின், நாலு இருபது. நாலு ஐந்து. நாலு பதினைந்து. மாதம் மாதமாக அப்படியே. மூன்று என்று சொன்னவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் மணியை அழுத்தியிருக்கிறார்கள்.

அவள் பொய் எழுதவில்லை என்பதற்கு என்னிடம் சான்று இருந்தது. ஆனால் அதை அவளிடம் சொன்னால் அவள் என்ன ஆவாள் என்பதும் தெரிந்திருந்தது.

பத்தரை மணிக்குக் காபி அறைக்குப் போனேன். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். கிரெஸ்தன், வாத்தியார், காலுறை பின்னுகிறவள், நாலு மணிக்கு மேல் போட்ட ஊசிகள். அவள் மாத்திரைகளை விழுங்கவில்லை. அவை கையிலேயே வேர்வையில் நனைந்து கரைந்துகொண்டிருந்தன.

"எத்தன பேரு?" என்றாள் கடைசியில்.

"தெரியல. நிறைய பேரு."

"அவங்க தலகாணிய யாராவது பாத்தாங்களா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பவுலிடம் தனக்குத் தெரியாமல் போனதைத்தான் அவள் இந்த இரண்டு வருஷமும் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டவள் முகத்துக்காகவே அத்தனை பேரும் பவுல் மாதிரி வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே," என்றாள். கோபம் இல்லை, வெறும் களைப்பு.

"பாத்தேன்."

"கேக்கல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவள் கரைந்த மாத்திரைகளைக் குப்பைக்கூடையில் தட்டினாள். "மோசமில்லன்னு," என்றாள்.

பதினொரு மணிக்குக் கிரெஸ்தனுக்கு நாற்பத்தெட்டாவது மணி. கடைசிக் கேள்வி. இப்போது இரண்டு வழி இருந்தது அவளுக்கு. வழக்கம்போலக் கேட்டு, மூன்று என்று எழுதிவிட்டு, சாயங்காலப் பதிவுகளை மட்டும் வெள்ளிக்கிழமை ஹென்ரியெட் முன்னால் வைக்கலாம். நோயாளிகள் கூடிப் பேசிக்கொண்டு குறைத்துச் சொல்கிறார்கள், காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். பெயர் தப்பிவிடும். இடுப்பும் மறைந்தே இருக்கும். மே மாதம் கேக் உண்டு. நான் அதைத்தான் செய்யச் சொன்னேன். இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு நாலாம் அறைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். ஊவவை அழைத்துப் போய்விட்டிருந்தார்கள். கிரெஸ்தன் படுத்திருந்தான். எப்போதும் நின்றே கேட்கிறவள், அன்று சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சும்மா இருக்கும்போது இரண்டு என்றான். இருமிக் காட்டச் சொன்னாள். தலையணையை அணைத்துக்கொண்டு இருமினான். தலையணையின் மூலையை ஒரு கணம் வாயருகே கொண்டுபோய், எங்களைப் பார்த்ததும் தாழ்த்திக்கொண்டான். சோல்வை அதைப் பார்த்துவிட்டாள்.

"மூணு," என்றான்.

அவள் எழுதவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்தாள்.

"எழுது," என்றான் அவன்.

"எனக்கு இடுப்பு வலிக்குது, கிரெஸ்தன்."

"தெரியும்."

"எவ்வளவுன்னு கேளு."

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. ஜன்னலைப் பார்த்தான். "நான் எதுக்குக் கேக்கணும்? நீதான் நர்சு."

"அறுபத்திரண்டு பேர நான் கேட்டிருக்கேன். என்ன ஒருத்தரும் கேட்டதில்ல. கேளு."

வெளியே பொருள்வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. அவன் போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினான். பிறகு போர்வையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எவ்வளவு?"

வாய் வரை வந்த எண் வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றியது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "ஏழு. படி ஏறினா எட்டு."

கிரெஸ்தன் தலையை ஆட்டினான். மாடு நோயென்று கால்நடை டாக்டர் சொல்லும்போது ஆட்டுவது மாதிரி, மெல்ல, இரண்டு தடவை.

"அப்படின்னா எனக்கும் எட்டு," என்றான். "படி இல்லாமலே."

அவள் எழுதினாள். எட்டு என்ற எண் ஆய்வுத் தாளில் விழுந்தது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும் எழுந்திருக்கப் போனாள். அவன் அவள் கையைத் தொட்டான். "நீ போகாதே," என்றான். அவள் அவனுடைய மணியை எட்டிப் பிடித்து அழுத்தினாள். என் பதினெட்டு வருஷத்தில் வேறொருத்தியை வரவழைக்க அவள் மணி அழுத்தி நான் பார்த்ததில்லை. இளம் நர்ஸ் ஒருத்தி ஓடிவந்தாள், சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள், ஊசியோடு ஓடிவந்தாள். மருந்து இறங்கும்வரை சோல்வை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டபின், மூலை ஈரமாகியிருந்த தலையணையை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். அந்த உறையைச் சலவைக் கூடையில் போடாமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

வெள்ளிக்கிழமை ஹென்ரியெட் வந்து உட்கார்ந்ததும், நான் பதிவுகளை எடுத்து வைப்பதற்கு முன்பே சோல்வை பேசிவிட்டாள். "நான் எழுதினது ஒண்ணும் பொய் இல்ல. ஆனா நீங்க அத நம்பக் கூடாது," என்றாள். பிறகு தன் இடுப்பில் தொடங்கி, நாற்பத்திரண்டு அடி வரை எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரைகளைக்கூடச் சொன்னாள். நான் சாயங்காலப் பதிவுகளை மேசையில் வைத்தேன். ஹென்ரியெட் விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனாள். நாலு பத்து, நாலு இருபது, நாலு ஐந்து. பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

முறைகேடு எதுவும் இல்லை என்று எழுதுவதாகச் சொன்னாள். ஆனால் அறுபத்திரண்டு பேருடைய எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்த முடியாது. எந்த மருந்து நல்லது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

எப்பே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இரண்டு வருஷ உழைப்பு. அவன் முகம் சிவந்திருந்தது. "உன் இடுப்பப் பத்தி என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான்.

"ரெண்டு வருஷமா தினம் என்கூடத்தான் நடக்குறே, எப்பே."

அவன் வேகமாக நடக்கிறவன். பிரிவே அவனுக்குப் பின்னால் ஓடும். சோல்வையோடு நடக்கும்போது மட்டும் அவன் நடை பாதியாகிவிடும் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனுக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்ப உட்கார்ந்தான். செவ்வாய்க்கிழமை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக மன்னிப்புக் கேட்டான், மேசையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல். அவள் தலையசைத்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஆய்வை முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. இனிமேல் நோயாளியின் கையிலேயே ஒரு பொத்தான் இருக்கும். வலித்தால் அவரே அழுத்துவார், கருவி மார்ஃபினைக் கொடுத்து எண்ணிக்கொள்ளும், யாரும் எங்கேயும் நடக்க வேண்டியதில்லை. வலியின் எண்ணை அவரே தாளில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார். மருந்தகத்திலிருந்து பைகள் மறுபடியும் எண் ஒட்டி வரும். எதில் எது என்று இப்போதும் யாருக்கும் தெரியாது. எது நல்லது என்று தெரியும்போது சோல்வை இங்கே இருக்க மாட்டாள்.

அவளுக்கு அன்றே விடுப்பு எழுதிக்கொடுத்தான் எப்பே. இடுப்பு மூட்டு மாற்ற ஆறு வாரம் கழித்து நாள் கிடைத்தது, வேறு ஊர் மருத்துவமனையில். அப்படியானால் இன்றுதான் இங்கே அவளுடைய கடைசி நாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கேக் யாரும் வாங்கியிருக்கவில்லை. யாரோ சமையலறையிலிருந்து இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பாதிதான் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு நான் மேசையில் உட்கார்ந்து விடுவிப்புத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது. ஒரு காலடி, ஒரு தேய்ப்பு, நடுவில் புதிதாக ஒரு தட்டல். பொருள்அறையிலிருந்து ஒரு கைத்தடி எடுத்திருந்தாள். பக்கத்தில், அவளோடு அந்தக் கோடி வரை போயிருந்த கிரெஸ்தன், வீட்டுக்குப் போகும் உடுப்பில், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அவனுடைய மருமகன் பையோடு பின்னால். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முந்தாமல், மருந்து அலமாரியைத் தாண்டி, நாலாம் அறையைத் தாண்டி, அவ்வளவு தூரமும் வந்தார்கள். அவள் நொண்டலை மறைக்கவில்லை. நன்றாகவே நொண்டினாள்.

மின்தூக்கி முன்னால் கிரெஸ்தன் நின்று, எண்ணியது தப்பாகிவிட்டது, அலமாரியிலிருந்து நாலாம் அறைக்கே இன்றைக்கு ஐம்பது அடிக்கு மேல் போயிற்று என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டான். அவன் கதவுக்குள் போனபின் அவள் என் மேசையருகே வந்து, பெயர் அட்டையையும் அலமாரிச் சாவியையும் வைத்தாள். அவளுடைய கைப்பையில் மடித்த தலையணை உறையின் மூலை தெரிந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமா, ஊலா," என்றாள் சோல்வை. "ரொம்ப வலிக்குது."

நான் எழுந்து போய் என் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன். பேருந்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.